வாசலில் காங், உள்ளே என்ஜின்எக்ஸ்: மூன்று வார அனுபவம்

வீட்டில் ஒரு சின்னக் கணினி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் டாக்கர் கன்டெய்னர்களாக (ஒவ்வொரு நிரலையும் தனிப் பெட்டியில் ஓட்டும் முறை) ஒரு புகைப்படத் தொகுப்பு, ஒரு குறிப்பேடு, நானே எழுதிய மூன்று சிறு ஏபிஐகள் (வேறு நிரல்கள் கேட்டால் பதில் தரும் சேவைகள்), அப்புறம் வெறும் எச்டிஎம்எல் கோப்புகளால் ஆன ஒரு தளம். இத்தனை நாளாக இவற்றுக்கெல்லாம் முன்னால் நின்றது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர். வரும் கோரிக்கையின் பாதையைப் பார்த்து உரிய கன்டெய்னருக்கு அனுப்பிவிடும். அதில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

மாற்ற நினைத்ததற்குக் காரணம் அந்த மூன்று ஏபிஐகள். மூன்றிலும், கேட்பவர் யார் என்று காட்டும் சாவியைச் சரிபார்க்கும் அதே நிரல்பகுதி இருந்தது. ஒன்றில் திருத்தினால் மற்ற இரண்டிலும் திருத்த வேண்டும். ஒருமுறை மறந்தும் போனேன். சாவி, வேகவரம்பு (ஒருவர் எத்தனை கோரிக்கை அனுப்பலாம் என்ற அளவு) இரண்டையும் வாசலிலேயே பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினால் நிரல்கள் தங்கள் வேலையை மட்டும் செய்யும். அதற்காக, இப்படி வாசலில் நிற்கும் ஒரு ஏபிஐ கேட்வே வைத்துப் பார்க்க முடிவு செய்து, காங்கைத் தேர்ந்தெடுத்தேன். 2015 முதல் திறந்த மூலமாக இருப்பது அது. 2019-இல் வந்த 1.1 பதிப்பிலிருந்து தரவுத்தளம் இல்லாமலும் ஓடும். ஒரே ஒரு யாமல் (அமைப்புகளை எளிய உரையாக எழுதும் வடிவம்) கோப்பில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் போதும் என்பதுதான் என்னை இழுத்தது.

முதல் சனிக்கிழமை

பழைய வாசலை ஒரேயடியாக இடிக்க மனம் வரவில்லை. என்ஜின்எக்ஸ் 443-ஆம் போர்ட்டில் (எச்டிடிபிஎஸ் கோரிக்கைகள் வரும் வாசல் எண்) அப்படியே இருக்கட்டும், அதற்குப் பின்னால் காங் 8000-இல் நிற்கட்டும், ஒவ்வொரு பாதையாகத் திருப்பிவிடலாம் என்று தொடங்கினேன். இது நல்ல முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன். எது உடைந்தாலும் ஒரு வரியைத் திருப்பி எழுதினால் பழைய நிலை வந்துவிடும்.

காங்கில் இரண்டு சொற்கள் புரிந்தால் போதும். பின்னால் இருக்கும் சேவை 'சர்வீஸ்', அதற்குப் போகும் வழி 'ரூட்'. எழுதி முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆனது. கோரிக்கைகள் போய்ச் சேர்ந்தன. அட, இவ்வளவுதானா என்று தோன்றியது.

அடுத்த நாள்

புகைப்படத் தொகுப்பைத் திருப்பியதும் 404, அதாவது 'பக்கம் இல்லை'. ரூட்டைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பதிலின் ஹெடர்களை, அதாவது பதிலோடு வரும் குறிப்பு வரிகளைப் பார்க்கத் தோன்றியது. இது தெரிந்திருந்தால் அந்த அரை மணி நேரம் மிச்சம்: ரூட் எதுவும் பொருந்தாவிட்டால் காங் தானே ஒரு சிறு ஜேசன் செய்தியோடு 404 தரும். பின்சேவை தந்த 404 என்றால் 'எக்ஸ்-காங்-அப்ஸ்ட்ரீம்-லேட்டன்சி' என்ற ஹெடர் கூடவே வரும். எனக்கு வந்தது இரண்டாவது வகை. கோரிக்கை சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது. போன பாதை மாறியிருக்கிறது.

காங்கின் ரூட்டில் 'ஸ்டிரிப் பாத்' என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். பொருந்திய முன்பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் உள்ளே அனுப்பும். என் புகைப்படத் தொகுப்போ, தான் '/படங்கள்' என்ற பாதையின் கீழ் இருப்பதாக நினைத்து முழுப் பாதையையும் எதிர்பார்க்கும். குறிப்பேட்டுக்கு அது தேவையில்லை. என்ஜின்எக்ஸின் பழைய கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) இந்த வித்தியாசம் எங்கே இருந்தது என்று தேடினேன். கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் 'பிராக்ஸி பாஸ்' முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு. குறிப்பேட்டுக்கு இருந்தது, படங்களுக்கு இல்லை. அந்த ஒற்றைச் சாய்கோடு இருந்தால் என்ஜின்எக்ஸ் பொருந்திய பகுதியை எடுத்துவிட்டு அனுப்பும், இல்லாவிட்டால் அப்படியே அனுப்பும். எப்போதோ தட்டித் தடவிச் சரிசெய்து, ஏன் என்று எழுதி வைக்காமல் விட்டிருக்கிறேன். இப்போது யாமல் கோப்பில் ஒவ்வொரு ரூட்டுக்கும் அந்த அமைப்பை வெளிப்படையாக எழுதி, பக்கத்திலேயே காரணத்தையும் குறித்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்கச் சாய்கோடு

குறிப்பேடு திறந்தது, ஆனால் அலங்காரம் எதுவும் இல்லாமல், வெறும் எழுத்தாக. சில நேரம் சரியாகவும் வந்தது. இந்தச் 'சில நேரம்'தான் பாடாய்ப்படுத்தியது. கடைசியில் பிடிபட்டது: முகவரியின் முடிவில் சாய்கோடு போட்டுத் திறந்தால் சரி, போடாமல் திறந்தால் உடைகிறது. பழைய அமைப்பில் பாதையைச் சாய்கோட்டோடு முடித்து எழுதியிருந்தேன். அப்படி எழுதினால், சாய்கோடு இல்லாமல் வருகிறவர்களை என்ஜின்எக்ஸ் தானே 301 ('இடம் மாறிவிட்டது' என்ற பதில்) கொடுத்து, சாய்கோடு உள்ள முகவரிக்குத் திருப்பிவிடும். காங் அப்படித் திருப்பாது. பக்கத்தைக் கொடுத்துவிடும், உலாவியோ அதில் உள்ள சார்புப் பாதைகளை ஒரு படி மேலே போய்த் தேடும், அங்கே ஒன்றும் இருக்காது.

இதற்கு நான் செய்தது: சாய்கோடு இல்லாத முகவரிக்கு மட்டும் பொருந்தும்படி ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துகளின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் குறியீடு) இன்னொரு ரூட். காங்கின் 3.0 பதிப்பிலிருந்து அத்தகைய பாதையின் முன்னால் அலைக்குறி (~) போட வேண்டும். போடாவிட்டால் சாதாரண எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அந்த ரூட்டில் 'ரிக்வெஸ்ட் டெர்மினேஷன்' பிளகின் (காங்கோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) 301 தரும், 'ரெஸ்பான்ஸ் டிரான்ஸ்ஃபார்மர்' பிளகின் 'லொகேஷன்' ஹெடரைச் சேர்க்கும். முன்பு ஒரு சாய்கோடு செய்த வேலைக்கு இப்போது பத்துப் பன்னிரண்டு வரிகள். நீளம்தான், ஆனால் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் என்ன நடக்கிறது என்று தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இதோடு, உலாவி கேட்ட தளப் பெயரை (ஹோஸ்ட்) அப்படியே உள்ளே அனுப்பும் 'பிரிசர்வ் ஹோஸ்ட்' அமைப்பையும் இயக்கினேன். இல்லாவிட்டால் பின்சேவைக்குக் கன்டெய்னரின் பெயர்தான் ஹோஸ்ட்டாகப் போகிறது, உள்நுழைந்ததும் அந்தப் பெயருக்கே திருப்பிவிடப் பார்க்கிறது. இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் வெப்சாக்கெட்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் வாரம்

வேகவரம்பு பிளகினை வைத்தேன். ஒரு முகவரியிலிருந்து நிமிடத்துக்கு 30 கோரிக்கை. பத்து நிமிடத்தில் வீட்டில் எல்லோருக்கும் 429, அதாவது 'கோரிக்கைகள் அதிகம்'. லாக்கைப் பார்த்தால் எல்லாக் கோரிக்கையும் ஒரே ஐபி முகவரியிலிருந்து வந்ததாக இருக்கிறது: என்ஜின்எக்ஸின் முகவரி. உண்மையான முகவரியை எக்ஸ்-ரியல்-ஐபி ஹெடரில் எழுதித்தான் அது அனுப்புகிறது. ஆனால் 'டிரஸ்டட் ஐபிஸ்' பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து வந்தால் காங் அதை நம்பாது. அந்தப் பட்டியல் இயல்பில் காலி. என்ஜின்எக்ஸின் முகவரியைச் சேர்த்ததும் சரியானது. புகைப்படத் தொகுப்பு எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பித் திருப்பியே சுற்றிக்கொண்டிருந்ததும் அதோடு நின்றது. அதற்கும் காரணம் இதே நம்பிக்கைதான், கோரிக்கை எச்டிடிபிஎஸ்ஸில் வந்ததா என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடர் விஷயத்தில்.

அவசரத்துக்கு எல்லா முகவரிகளையும் நம்பச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அப்புறம் யார் வேண்டுமானாலும் அந்த ஹெடரில் பொய் முகவரியை எழுதி வரம்பைத் தாண்டிப் போகலாம்.

இந்த முழு முயற்சியிலும் எனக்கு மிக மகிழ்ச்சி தந்த நாள் இதற்கு அடுத்து வந்தது. மூன்று ஏபிஐகளில் ஒன்றான வெப்பநிலை ஏபிஐக்கு ஒரே பாதையில் இரண்டு ரூட் எழுதினேன். தரவைக் கேட்கும் கெட் கோரிக்கைக்கு ஒன்று, தரவை அனுப்பும் போஸ்ட்டுக்கு ஒன்று. அளவுகளைப் பார்க்கச் சாவி வேண்டாம்; எழுத மட்டும் 'கீ ஆத்' பிளகின் சாவி கேட்கும். உணரி ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி, தனி வரம்பு. இயல்பில் இந்தப் பிளகின் சாவியைப் பின்சேவைக்கும் அனுப்பிவிடும். 'ஹைடு கிரெடென்ஷியல்ஸ்' அமைப்பைப் போட்டு அதை மறைத்தேன். அப்புறம் மூன்று நிரல்களையும் திறந்து சாவி சரிபார்க்கும் பகுதியை அழித்தேன். அழித்த பின் அந்த நிரல்கள் படிக்க எவ்வளவு லேசாக இருந்தன!

ஆனால் அழித்த கையோடு இன்னொன்றையும் செய்தாக வேண்டும். இப்போது அந்த நிரல்கள் யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லும். அவற்றின் போர்ட்டுகள் வெளியே திறந்திருந்தால் வாசலைச் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போய்விடலாம். கன்டெய்னர்கள் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் டாக்கர் கம்போஸ் கோப்பில் அவை மூன்றுக்கும் இருந்த 'போர்ட்ஸ்' வரிகளை நீக்கி, காங்கோடு பேசும் உள்வலையில் மட்டும் விட்டேன். காங்கின் நிர்வாகப் போர்ட் 8001-ஐயும் கணினிக்குள்ளேயே அடைத்துவிட்டேன். தரவுத்தளம் இல்லாத முறையில் அது பெரும்பாலும் படிக்க மட்டும்தான், ஆனாலும் முழு கான்ஃபிக்கையும் புதிதாக ஏற்ற வழி இருக்கிறது.

மூன்றாம் வாரம்

மிச்சம் இருந்தது எச்டிஎம்எல் தளம். காங் கோப்புகளைப் பரிமாறும் வெப் சர்வர் அல்ல; கோரிக்கையை வேறொருவருக்குக் கடத்துவதுதான் அதன் வேலை. ஆகவே என்ஜின்எக்ஸை ஒரு சின்னக் கன்டெய்னராக உள்ளே வைத்து, அந்தத் தளத்தை மட்டும் அதனிடம் கொடுத்தேன். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் கோப்புகளைக் காங்குக்குக் காட்டி, 443-ஐ அதன் 8443-க்குத் திருப்பினேன். முன்னால் என்ஜின்எக்ஸ் இல்லாததால் நம்பிக்கைப் பட்டியலையும் மறக்காமல் காலியாக்கினேன்.

காங் கன்டெய்னருக்குள் ஓடும் புராசஸ்களைப் பட்டியலிட்டுப் பார்த்தபோது அங்கும் என்ஜின்எக்ஸ் என்றே பெயர் இருந்தது. என்ஜின்எக்ஸோடு லூவா நிரல்மொழியைச் சேர்த்த ஓப்பன்ரெஸ்டிதான் காங்கின் அடித்தளம். படித்திருந்தேன், ஆனாலும் கண்ணால் பார்த்தபோது ஏனோ நிம்மதியாக இருந்தது. அது இயல்பாகச் செயலியின் கோர் ஒன்றுக்கு ஒரு வொர்க்கர் (கோரிக்கைகளைக் கவனிக்கும் புராசஸ்) எழுப்புகிறது. என் போக்குவரத்துக்கு ஒன்றே போதும் என்று குறைத்தேன். நினைவகச் செலவு நன்றாகவே இறங்கியது. ஆனாலும் பழைய என்ஜின்எக்ஸைவிட அதிகம்தான். பாதை பார்த்து அனுப்புவது மட்டுமே உங்கள் தேவை என்றால் இந்த மாற்றம் வேண்டாம் என்றே சொல்வேன்.

எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. முன்பெல்லாம் ஒரு கன்டெய்னரைப் புதுப்பித்து அதன் உள்முகவரி மாறினால், என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யும்வரை 502 (பின்சேவையிடமிருந்து பதில் பெற முடியவில்லை என்ற பிழை) வரும். என் கான்ஃபிக்கில் எழுதியிருந்த பெயர்களை அது தொடங்கும்போது ஒருமுறைதான் தேடிப் பார்க்கும். காங் ஓடும்போதே பெயரைத் திரும்பத் தேடுகிறது. நேற்று குறிப்பேட்டைப் புதுப்பித்தேன், வேறு எதையும் தொடவில்லை, சில நொடிகளில் வந்துவிட்டது.

இனி பாக்கி இருப்பது சான்றிதழ். இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் தந்தது 90 நாளுக்கு; புதிய கோப்பு வந்ததும் காங்கை ரீலோட் செய்ய ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். கையால் ஓட்டிப் பார்த்ததில் வேலை செய்தது. தானாக ஓடுகிறதா என்பது அடுத்த புதுப்பிப்பில் தெரியும். அதுவரை பழைய கான்ஃபிக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.