பெரிய கிழமை

2025 ஏப்ரல் 12, சனி
குருத்தோலை வெட்டியாயிற்று. அம்மாவுக்கு இரவு முழுக்க இருமல். இந்த முறை உயிர்ப்பு ஞாயிறு 20ஆம் திகதி வருகிறது. கலண்டரில் அதைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு
இந்த வருடம் பூசையில் லூக்கா எழுதிய இயேசுவின் பாடுகள். நின்றுகொண்டே கேட்க வேண்டும், வெயில் வேறு. முன்வரிசைக் கிழவி ஒருவர் முழங்காலைப் பிடித்தபடி கடைசி வரை நின்றார்.

கல்லறைப் பகுதியில்தான் ஒவ்வொரு முறையும் என் மனம் சிக்கும். கலிலேயாவிலிருந்து கூட வந்த பெண்கள் பின்னாலேயே போய், கல்லறையையும் உடலை எப்படி வைத்தார்கள் என்பதையும் பார்த்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். சீடர்கள் எல்லோரும் ஓடிப்போனதை மாற்கு சொல்கிறார். பெண்கள் நின்று பார்த்தார்கள். பார்த்து வைத்தபடியால்தான் ஞாயிற்றுக்கிழமை விடிய அவர்களுக்குப் போவதற்கு ஓர் இடம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "ஆர் வாசிச்சது? வடிவா வாசிச்சதோ?"

ஏப்ரல் 14, திங்கள்
வருடப்பிறப்பு. பக்கத்து வீட்டு மாமி சர்க்கரைப் பொங்கலும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்தார். தவக்காலத்தில் அம்மா இனிப்புத் தொடுவதில்லை. மாமி கொண்டுவந்தது என்பதால் கொஞ்சம் வாயில் வைத்தார். இரண்டு பேரும் வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். மாமிக்கும் ஒரு மகன்.

ஏப்ரல் 16, புதன்
நித்திரை இல்லை. அரிமத்தியா யோசேப்பைப் பற்றியே யோசனை.

மனுசன் தலைமைச் சங்கத்தில் மதிப்பான உறுப்பினர். யூதர்களுக்குப் பயந்து மறைவில் சீடராக இருந்தவர் என்று யோவான் சொல்கிறார். உயிரோடு இருந்தபோது வெளியே வராதவர், செத்த பிறகு துணிந்து பிலாத்திடம் போய் உடலைக் கேட்கிறார். இவ்வளவு சீக்கிரம் இறந்துவிட்டாரா என்று பிலாத்து வியப்படைகிறான். நூற்றுவர் தலைவனைக் கூப்பிட்டு விசாரிக்கிறான். உறுதியானதும் உடலைக் கொடுத்துவிடுகிறான். சிலுவையில் அறையப்பட்டவர்களை அப்படியே விட்டுவிடுவது ரோமர்களுக்குப் புதிதில்லை. ஆனாலும் கொடுத்தான். யோசேப்பு கேட்டதும் பிலாத்து விசாரித்துக் கொடுத்ததும் ஒரே பின்னேரத்தில் முடிந்துவிட்டன.

எங்கள் தாய்மார் எத்தனை பேரிடம் கேட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டமாகப் போய் இருந்தவர்கள். கால் ஏலுமாக இருந்த மட்டும் அம்மாவும் பஸ் பிடித்துப் போய் அவர்களோடு இருந்துவிட்டு வருவார். அங்கே இருந்தவர்களில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். பிலாத்தை நான் நல்லவன் என்று சொல்லவில்லை. விசாரித்தான் என்று மட்டும் சொல்கிறேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
அம்மாவின் கால் வீக்கம் கூடியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. வெந்நீர் வைத்துக் கழுவிவிட்டேன். "விடு பிள்ளை" என்றார், பேதுரு மாதிரி.

இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை யோவான் மட்டும்தான் எழுதியிருக்கிறார். மற்ற மூவரும் அப்பத்தையும் கிண்ணத்தையும் எழுதினார்கள். யூதாசின் காலையும் கழுவியிருக்க வேண்டும். அவன் எழுந்து வெளியே போனது அதற்குப் பிறகுதான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
யாரும் கடலுக்குப் போகவில்லை. மணியும் இல்லை. காலையில் வீதியால் சிலுவைப்பாதை. மூன்று மணிக்கு யோவானின் பாடுகள்.

அம்மா வீட்டில் புத்தகத்தை வைத்துத் தனியாகச் சிலுவைப்பாதை செய்தார். நான் வந்தபோது பதின்மூன்றாம் தலத்தில் நின்றுவிட்டிருந்தார். உடலை இறக்கித் தாயின் மடியில் கிடத்துகிற தலம். புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, மூலை மெழுகாகிப்போயிருக்கிறது.

நான்கு நற்செய்தியிலும் அந்தக் காட்சி இல்லை. சிலுவையடியில் தாய் நின்றதை யோவான் சொல்கிறார், அவ்வளவுதான். மடியில் கிடத்தியதாக யாரும் எழுதவில்லை. பிறகு வந்த சனங்கள், அவவுக்கு அது கிடைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உயிர்த்த பிறகு தாய்க்குத் தோன்றியதாகவும் நான்கு பேரும் எழுதவில்லை. அதை அம்மாவிடம் சொன்னேன்.

"தாய்க்கு முதல் காட்டாமல் விட்டிருப்பாரே? எழுதேல்லை, அவ்வளவுதான்."

பதினான்காம் தலத்தை அம்மா செய்யவில்லை. அடக்கம் செய்கிற தலம். வருடா வருடம் அதை விட்டுவிடுவார்.

ஏப்ரல் 19, பெரிய சனி
ஓய்வுநாளில் கட்டளைப்படி ஓய்ந்திருந்தார்கள். இந்த நாளைப் பற்றி லூக்கா எழுதியது இவ்வளவுதான். மத்தேயுவிலோ கல்லறைக்குச் சீல் வைத்துக் காவல் போடுகிறார்கள்.

அந்தப் பெண்கள் அன்று என்ன சாப்பிட்டார்கள்? யார் சமைத்தது? யாராவது ஒருவருக்காவது கண் மூடியிருக்குமா? எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டும். உயிர்ப்புக்கு நாங்கள் வலு அவசரமாக ஓடிவிடுகிறோம். பூசைக்கு முதலே பாட்டுக் குழு அல்லேலூயா பழகத் தொடங்கிவிட்டது. இந்த வன்னி மண்ணில் எத்தனையோ வீடுகளில் இன்னும் பெரிய சனிதான்.

இரவுப் பூசைக்குப் போகும்போது வாசலில் பொலிஸ், பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். 2019 உயிர்ப்பு ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இப்படித்தான்.

ஏப்ரல் 20
அல்லேலூயா பாடச் சொல்லி அம்மா கேட்டார். கட்டிலைச் சுற்றி நின்று பாடினோம்.

இரவு.
2009இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12. அதற்கடுத்த கிழமை, 20ஆம் திகதி, யுத்தத்தின் கடைசிக் கட்டம், மாத்தளன். தண்ணீர் நெஞ்சளவு. அண்ணா பின்னால் வந்துகொண்டிருந்தான்.

யோவான் 20ஐத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே வைத்தார்களோ தெரியாது என்று மகதலா மரியா முதலில் பேதுருவிடம் ஓடிப்போய்ச் சொல்கிறாள். வானதூதர்களிடமும் அதையே சொல்கிறாள். தோட்டக்காரர் என்று நினைத்தவரிடம் சொல்லும்போது, எங்கே வைத்தீர் என்று சொல்லும், நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறாள். ஒரு தனிப் பெண், ஓர் ஆணின் உடலை. அடக்கத்தின்போது நிக்கதேம் கொண்டுவந்து உடலோடு வைத்த வாசனைப் பொருளே ஏறக்குறைய 30 கிலோ. எப்படித் தூக்குவாள் என்று கேட்க எனக்கு வாய் வராது. எங்கே என்று யாராவது சொன்னால் அம்மா இந்த வீங்கின காலோடும் போவார்.

கல்லறைக்குள்ளே துணிகள் கிடந்தன. தலையைச் சுற்றியிருந்த துண்டு தனியாகச் சுருட்டி வைத்திருந்தது. கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியபோதும் எலும்போடு துணிகள் வந்தன. அந்த மாதம் அம்மா பத்திரிகையை என்னிடம் தரவில்லை. தானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

ஏப்ரல் 21, திங்கள்
பாப்பரசர் இறந்துவிட்டார். மத்தியானம் போனில் செய்தி. நேற்றுத்தான் மாடியிலிருந்து ஆசீர் கொடுத்தார்.

2015 ஜனவரி 14, மடு மாதா கோயிலுக்கு அவர் வந்த நாள். வெயிலில் அத்தனை சனத்துக்குள் அம்மா அண்ணாவின் படத்தைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றவர். "படத்துக்கும் ஆசீர் விழுந்தது" என்று இன்றும் சொன்னார். மகதலா மரியாளின் நினைவுநாளை 2016இல் அப்போஸ்தலர்களுக்கு இணையான திருவிழாவாக உயர்த்தியதும் இவருடைய காலத்தில்தான். தேடிப் போனவளுக்குக் கிடைத்த மரியாதை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஏப்ரல் 22, செவ்வாய்
சுவாமி வந்தார். மகனுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுப்போமா அம்மா என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ன பூசை, சுவாமி?"

அவர் பதில் சொல்லவில்லை.

"சுகத்துக்கு எண்டால் குடுங்கோ."

ஏப்ரல் 24, வியாழன்
மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் மாற்கு நற்செய்தி 16:8ஓடு நின்றுவிடுகிறது. பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உயிர்த்தவர் யார் கண்ணிலும் படவே இல்லை. மிச்ச வசனங்கள் பிறகு சேர்ந்தவை என்றுதான் அறிஞர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். மாற்குவை நான் நம்புகிறேன். நல்ல செய்தி காதில் விழுந்த பிறகும் பயம் போகாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா கஞ்சி மட்டும் குடித்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு
தோமாவின் ஞாயிறு. நம்பிக்கை குறைந்தவர் என்று பிரசங்கத்தில் வழமைபோலத் தோமாவுக்கு அடி. எனக்குக் கோபம் வந்தது. அவர் கேட்டது என்ன? ஆணித் தழும்பைப் பார்க்க வேண்டும், விலாவில் கையை இட வேண்டும். காணாமற்போனோர் படிவத்தில் உடலில் உள்ள அடையாளங்கள் என்று ஒரு கோடு விட்டிருக்கும். அம்மா அதில் சொல்லி எழுதுவித்தது: இடது முழங்காலுக்குக் கீழே பீங்கான் வெட்டின தழும்பு, ஏழு வயதில். தோமா கேட்டதும் அதைத்தான். இயேசு அவரைத் துரத்தவில்லை. விரலை இங்கே இடு என்றார். உயிர்த்த உடம்பிலும் தழும்பு மாறாமல் இருந்தது. இதை அம்மாவிடம் சொல்லலாம் என்று வந்தேன், நித்திரை. எழும்பட்டும்.

ஏப்ரல் 28, திங்கள்
விடிய நாலு மணி. மூச்சு வாங்குகிறது. ஓட்டோவுக்குச் சொல்லியாயிற்று, மாமி துணைக்கு வருகிறார். பதிவுக் கொப்பி, அடையாள அட்டை, சுடுதண்ணிப் போத்தல். அண்ணாவின் படத்தையும் எடுத்து வைக்கச் சொல்கிறார்.