ஆறு பாஸ், ஒரு கோல், மற்றபடி தோல்விதான்

ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மேட்சில் 3-1 என்று தோற்றோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். அந்த ஒரு கோலுக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் ஆறு பாஸ் போட்டிருந்தார்கள், கோல்கீப்பர் கையால் உருட்டிவிட்டதையும் சேர்த்து. ஒன்றுகூட வானத்தைப் பார்த்து அடித்தது இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே பிள்ளைகள் பந்து எங்கே இருக்கிறதோ அங்கே பதினான்கு பேரும் ஈ மொய்ப்பது மாதிரி மொய்ப்பார்கள்.

11 முதல் 13 வயது வரை பதினான்கு பெண் பிள்ளைகள், நான்தான் கோச், கடலூர்ப் பக்கம் ஒரு மணல் மைதானம், வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். ஆபீஸ் விட்டு நான் போய்ச் சேரும்போதே வெளிச்சம் பாதி போயிருக்கும். இந்திய அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் எங்கள் ஊர்க்காரர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாதிரி ஆக வேண்டும், ஆனால் அவர் நடுக்களத்தில் ஆடுகிறவர் என்று சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. எல்லோருக்கும் கோல்தான் அடிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் சிக்கல் காலில் இருக்கிறது என்று நினைத்தேன். உள்பாதத்தில் தட்டு, கணுக்காலை இறுக்கு, ஊன்றுகாலைப் பந்துக்குப் பக்கத்தில் வை என்று ஒரு மாதம் கத்தினேன். இரண்டிரண்டு பேராக நிறுத்தினால் அழகாகத் தட்டுகிறார்கள், மேட்ச் என்றதும் மறந்துவிடுகிறார்கள். ஒருநாள் கால் சுளுக்கி ஓரமாக உட்கார வேண்டி வந்தது. சும்மா இருக்க முடியாமல் நோட்டில் பதினான்குக்குப் பதினான்கு கட்டம் போட்டு, யார் யாருக்குப் பாஸ் கொடுக்கிறாள் என்று கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இருபது நிமிஷத்தில் போய்ச் சேர்ந்த பாஸ் 61. அதில் 38 மூன்றே பேருக்குள். மூன்று பேரும் ஒரே வேனில் வருகிறவர்கள்! ஹாஸ்டலில் இருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு வந்தது இரண்டு, அதில் ஒன்று யாரோ முழங்காலில் பட்டுத் தெறித்தது.

கோச்சிங் செய்கிறவர்கள் இந்தக் கட்டத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள். வயிற்றெரிச்சலாக இருக்கும்.

சரி, எல்லோரும் ஒருமுறை தொட்ட பிறகுதான் கோல் செல்லும் என்று ரூல் போட்டேன். படுதோல்வி. அந்த ஹாஸ்டல் பிள்ளையிடம் இரண்டடி தூரத்தில் ஓடிப்போய், கையில் கொடுப்பது மாதிரி கொடுத்து உடனே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மொய் எழுதிவிட்டுப் போவது மாதிரி.

அப்புறம்தான் ரோண்டோவுக்கு வந்தேன், கட்டத்தைச் சுற்றி நிற்கிறவர்கள் தங்களுக்குள் பந்தைத் தட்ட, உள்ளே நிற்கிறவள் அதைப் பறிக்கப் பார்க்கிற பயிற்சி. நாலுக்கு ஒன்று, கட்டம் ஆறு தப்படி. டச்சு ஆட்டக்காரர் யோஹான் க்ரைஃப் 1988-ல் பார்சிலோனாவுக்குக் கோச்சாகப் போன பிறகு உலகமே செய்கிற பயிற்சி, புதிதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் வழக்கமான ரூல்படி, பந்தை இழந்தவள் உள்ளே போக வேண்டும். எங்கள் ரோண்டோவில் உள்ளே போனது எப்போதும் அதே இரண்டு மூன்று பேர்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள் படாரென்று முழங்கால் உயரத்தில் ஒன்றை அடிப்பார்கள், வாங்குகிறவள் தடுமாறுவாள், தடுமாறினவள்தான் உள்ளே. கொடுத்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அக்கா, நான் கரெக்டாத்தான் குடுத்தேன்” என்பாள்.

நான் மாற்றியது ஒன்றே ஒன்று. பந்தை இழந்தவளும் அவளுக்குக் கடைசியாகப் பந்து கொடுத்தவளும் சேர்ந்து உள்ளே போக வேண்டும். அதாவது நாலுக்கு இரண்டு, கட்டம் ஒன்பது தப்படி.

முதல் இரண்டு நாள் பயிற்சியே நடக்கவில்லை, பஞ்சாயத்துதான் நடந்தது. “அவ காலைத் தூக்கினா நான் என்னக்கா பண்ணுவேன்?” என்று வேன் பிள்ளைகளில் ஒருத்தி தண்ணீர் பாட்டிலைப் போட்டுவிட்டு அழுதே விட்டாள். நான் எதற்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. தப்பு யாருடையதாக இருந்தாலும் இரண்டு பேரும் உள்ளே, அவ்வளவுதான். பத்து நாள் கழித்து ஒரு சின்ன விஷயம் பார்த்தேன். அதே வேன் பிள்ளை ஹாஸ்டல் பிள்ளைக்குப் பந்து தட்டப் போகிறாள், தட்டுவதற்கு முன் ஒரு நொடி நின்று அவள் காலைப் பார்க்கிறாள். இடது கால் ஊன்றியிருக்கிறது, வலது கால் காலி. வலது காலுக்கே, வேகம் குறைத்துத் தட்டினாள். கணுக்கால், ஊன்றுகால் என்று நான் கத்தியதெல்லாம் அப்போது தானாக வந்துவிட்டது. வாங்குகிறவள் சொதப்பினால் தானும் மாட்டிக்கொள்வோம் என்கிற பயம்தான், அன்பெல்லாம் இல்லை. எனக்கு அது போதும்.

இன்னொன்று, சத்தம். “இங்க குடு, இங்க குடு” என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் பந்து வைத்திருப்பவள் என்ன செய்வாள், அதிகம் கத்துகிற தோழிக்குத் தட்டுவாள். களத்தில் பேச வேண்டும் என்று எல்லா கோச்சும் சொல்வார்கள், நான் இரண்டு வாரம் வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். கத்தினால் பந்து எதிரணிக்கு. வேறு வழியில்லாமல் தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். இப்போது இரண்டு சொல்லுக்கு மட்டும் அனுமதி: முதுகுக்குப் பின்னால் ஆள் வந்தால் “ஆளு”, யாரும் இல்லையென்றால் “திரும்பு”.

பந்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த வயதுக்கு நாலாம் நம்பர் பந்துதான் சரி, சுற்றளவு 63.5 முதல் 66 செ.மீ. வரை. எங்களிடம் இருந்ததெல்லாம் பெரியவர்கள் விட்டுப்போன ஐந்தாம் நம்பர். ஆன்லைனில் மலிவாக நான்கு வாங்கினேன், இரண்டு வாரத்தில் கோழிமுட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன. அப்புறம் சென்னை போனபோது பெரியமேட்டில் கடை கடையாக ஏறி, தரையில் உருட்டிப் பார்த்து ஐந்து வாங்கி வந்தேன். பந்துக்குள் காற்று நிற்கிற பை, அதாவது பிளாடர், பியூட்டைல் ரப்பரில் இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள், லேட்டெக்ஸ் என்றால் நாளுக்கு ஒருமுறை காற்றடிக்க வேண்டியிருக்கும், பம்ப் ஊசி உடைவதுதான் மிச்சம். எல்லை குறிக்கிற கோனுக்குச் செலவே இல்லை, கொட்டாங்குச்சி. மணலில் பாஸ் பாதியில் செத்துப்போகிறது என்று ரோண்டோ நடக்கும் இடத்துக்கு மட்டும் இப்போது ஆறு குடம் தண்ணீர் தெளிக்கிறோம், அது என் அடுத்த தலைவலி, குழாயில் தண்ணீர் வருகிற நேரம் ஆறரை.

கோலுக்கு வருகிறேன். கீப்பர் தடுப்பில் வலதுபக்கம் நிற்கிற வலது பேக்குக்கு உருட்டினாள், அங்கிருந்து நடு, திரும்பவும் பேக் (இங்கேதான் என் நெஞ்சு அடித்துக்கொண்டது, பழைய பிள்ளைகளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் அடித்திருப்பார்கள்), நடுவில் இருந்த வேன் பிள்ளைக்கு. யாரோ “திரும்பு” என்றாள். திரும்பினாள், வலதுபக்கம் அவளுடைய தோழி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், இவள் இடதுபக்கம் காலியாக நின்ற ஹாஸ்டல் பிள்ளைக்கு நீளமாகத் தரையோடு ஒன்று. அவள் ஒரு தொடுதல், குறுக்கே ஒரு பாஸ், ஓடிவந்தவள் உள்ளே தள்ளினாள். 2023 உலகக் கோப்பை இறுதியில் ஸ்பெயினின் ஓல்கா கார்மோனா போட்ட கோலை செல்போனில் பலமுறை காட்டியிருக்கிறேன். இங்கிலாந்து நடுவில் பந்தை இழந்ததும் ஸ்பெயின் இடதுபக்கம் மாற்றி இரண்டே பாஸில் முடித்த கோல் அது. அதைப் பார்த்துச் செய்தாயா என்று வேன் பிள்ளையிடம் கேட்டேன். “இல்லக்கா, அவதான் காலியா நின்னா” என்றாள்.

வாங்கிய மூன்று கோலும் ஒரே மாதிரி, முதுகுக்குப் பின்னால் பார்க்காமல் பந்தை வாங்கி மாட்டிக்கொண்டது. அதற்கு ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். வாங்குகிறவளுக்குப் பின்னால் ஒருத்தி நின்று விரல் காட்டுவாள், பந்து கொடுப்பவளின் காலை விட்டுக் கிளம்பியதும் வாங்குகிறவள் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லிவிட்டுப் பந்தை வாங்க வேண்டும். நேற்று முதல் நாள். விரலை எல்லோரும் சரியாகச் சொன்னார்கள், பந்துதான் காலுக்கு அடியில் போய்க்கொண்டே இருந்தது.

நோட்டில் கட்டம் மறுபடி போட்டேன், 104 பாஸ். வேன் பிள்ளைகளுக்குள் 29. ஹாஸ்டல் பிள்ளைக்கு 11. கீப்பருக்கு இன்னும் யாருமே திருப்பிக் கொடுப்பதில்லை, அடுத்த வாரம் அவளையும் ரோண்டோவில் நிறுத்தப் போகிறேன், கையுறை இல்லாமல்.