பிரிஸ்டில்நோஸில் ஆண் எது, பெண் எது: மீசையை விட்டு அடிவயிற்றைப் பாருங்கள்

ஒருவழியாக என் தொட்டியில் பிரிஸ்டில்நோஸ், அதாவது மூக்கில் மீசை மாதிரி சதை முளைக்கும் மீன், முட்டை போட்டுவிட்டது! குகையாக வைத்த பிவிசி குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பெரிய ஆணின் வயிற்றுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்து. ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. ஆண் துடுப்பை விசிறிக்கொண்டே இருக்கிறது. சுரைக்காய்த் துண்டு போட்டாலும் வெளியே வரவில்லை. எனக்கு நிலைகொள்ளாத சந்தோஷம்.

இவ்வளவு தாமதமானதற்குக் காரணம் தண்ணீரோ தீனியோ இல்லை. கொளத்தூரில் ஒரு கடையில் ‘ஜோடி’ என்று சொல்லிக் கொடுத்தது இரண்டுமே ஆண். சின்னதற்கு மேலுதட்டு ஓரத்தில் மட்டும் குட்டையாக நாலு முடி இருந்தது. அதைக் காட்டித்தான் “இது பொம்பளை சார்” என்றார்கள். குகையைப் பிடித்துக்கொண்டு பெரியது அதை விரட்டுவதும், இது ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒளிவதுமாகவே நாள் போயிற்று. தனித் தொட்டிக்கு மாற்றிய பிறகு சின்னதின் நெற்றியில் மீசை கிளம்பிவிட்டது. பெரிய ஆணின் அதட்டலில் இருக்கும்வரை சின்ன ஆணுக்கு மீசை சரியாக வளரவில்லை என்பது என் தொட்டியில் கண்ணால் பார்த்தது.

ஆணுக்கு மீசை உண்டு, பெண்ணுக்கு இல்லை என்ற ஒரு வரியை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வளர்ந்த பெண்ணுக்கும் மூக்கு விளிம்பில் ஒரே வரிசையாகக் குட்டை மீசை வரும். அதனால் மீசை எங்கே முளைத்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். விளிம்போடு நிற்காமல் மூக்கின் நடுவே ஏறி, நெற்றியில் நுனி கிளைபிரிந்து நின்றால் ஆண், சந்தேகமே வேண்டாம். ஆனால் நெற்றியில் இல்லை என்பதற்காகப் பெண் என்று முடிவு கட்ட முடியாது. வயது போதாமல் இருக்கலாம், அடங்கிப்போன ஆணாக இருக்கலாம். 5, 6 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யார் ஆண், பெண் சொன்னாலும் அது ஊகம்தான். நிறமி இல்லாத அல்பினோ வகையில் இன்னும் கஷ்டம். மீசையும் உடம்பும் ஒரே வெளிர் நிறம், கீழே வெள்ளை மணல் வேறு இருந்தால் ஒன்றுமே தெரியாது.

மேலிருந்து பார்த்து உடல்வாகை வைத்துச் சொல்வதும் உண்டு. ஆணுக்குத் தலையும் கன்னமும் அகலம், பின்னால் போகப் போக ஒடுங்கும். முட்டை ஏறிய பெண்ணுக்கு நெஞ்சுத் துடுப்புக்குப் பின்னால் இருபக்கமும் வயிறு புடைத்திருக்கும். ஆனால் வயிறு முட்டத் தின்ற ஆணும் அப்படித்தான் தெரியும்.

எனக்குக் கைகொடுத்தது அடிவயிறு. கொஞ்சம் விலாவாரியாகவே எழுதுகிறேன், இந்த இடத்தில்தான் எல்லாரும் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

முதலில், வலை கூடாது. இந்த மீனின் கன்னத்தில் வளைந்த கொக்கி முட்கள் உண்டு, ஆணுக்கு நன்றாகவே நீளம். மீசை வெறும் சதை, இது கெட்டி முள். பயந்தால் விறைத்து வெளியே நீட்டிக்கொள்ளும். வலைக்கண்ணில் மாட்டினால் இழுக்கவே கூடாது, வலையைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். நான் குழாய்க்குள் மீன் போகும்வரை காத்திருந்து, குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்தி, தண்ணீரோடு அப்படியே தூக்கி டப்பாவில் சரித்துவிடுவேன்.

டப்பா முக்கியம். அடியில் கோடோ எழுத்தோ வளையமோ இல்லாத, கண்ணாடி மாதிரி தெளிந்த பிளாஸ்டிக் டப்பாவாக இருக்க வேண்டும். ஸ்வீட் கடை டப்பாக்களில் பெரும்பாலும் அடியில் மேடு இருக்கும், சரியாக அந்த இடத்தில்தான் மீன் உட்காரும். கடைசியில் பாரிமுனைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கடையில் வழவழப்பான செவ்வக டப்பா கிடைத்தது. தொட்டித் தண்ணீரையே ஊற்றி, மூடி போட்டு, ஒரு துணியால் மூடிக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் மீன் அடங்கி, வாயால் அடியிலோ பக்கச் சுவரிலோ ஒட்டிக்கொள்ளும். அப்போது வயிறு முழுக்க நம் கண் முன்னால்.

டார்ச்சை நேராக அடித்தால் எல்லாம் வெளுத்துப்போகும். பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் நிழல் விழுந்து மேடுபள்ளம் தெரியும். பார்க்க வேண்டிய இடம், வயிற்றுத் துடுப்புகளுக்கும் குதத் துடுப்புக்கும் நடுவில். ஆணுக்கு அங்கே அரிசிக் குருணை மாதிரி ஒரு சின்ன முனை பின்னோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும். பெண்ணுக்கு அகலமாக, வட்டமாக, உடம்போடு படிந்திருக்கும். முட்டை ஏறிய நேரத்தில் சற்று உப்பி இளஞ்சிவப்பாகத் தெரியும். முந்தைய நாள் தீனி போடாதீர்கள், கழிவு தொங்கினால் எல்லாமே மறைந்துவிடும். போட்டோவைவிட வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது மேல். ஒரு மீனை மட்டும் பார்த்தால் குழப்பமாகவே இருக்கும், நெற்றி மீசையுள்ள உறுதியான ஆண் ஒன்றைப் பக்கத்து டப்பாவில் வைத்து ஒப்பிட்டால் சட்டென்று புரிந்துவிடும்.

இப்படித்தான் மொத்தமாக வாங்கிய குட்டிகளை வளர்த்து, அதிலிருந்து பெண்களைப் பிரித்தேன். குட்டி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: பிரிஸ்டில்நோஸ் என்று சொல்லி, பார்க்க அதே மாதிரி இருக்கும் சக்கர் என்ற வேறு மீனின் குட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். முதுகுத் துடுப்பை எண்ணுங்கள். முன்முள்ளை விட்டுவிட்டு, பிரிஸ்டில்நோஸுக்கு 7 கதிர் (துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சி), சக்கருக்குப் பெரும்பாலும் 10 அல்லது அதற்கு மேல். சக்கர் ஒன்றரை அடி வளரும். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அது நம் நீர்நிலைகளில் பெருகி மீனவர்களின் வலையை நாசம் செய்துகொண்டிருக்கிறது.

மீசை எதற்கு என்பதற்கு 1999இல் மீன் ஆய்வாளர்கள் சபாஜ், ஆர்ம்ப்ரஸ்டர், பேஜ் மூவரும் எழுதிய ஒரு கட்டுரையில் அழகான கருத்து உண்டு. குகையில் குஞ்சு காக்கும் ஆணைத்தான் பெண்கள் விரும்புகின்றன, மூக்கு மீசை குஞ்சுகள் நெளிவதைப் போலத் தோன்றி, குஞ்சே இல்லாத ஆணுக்கும் அந்த மவுசைத் தருகிறது என்பது அவர்கள் ஊகம். என் ஆண் குகை வாசலில் தலையை நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அது சரியென்றே படுகிறது.

குகை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஒரு பக்கம் அடைத்திருக்க வேண்டும், ஆணின் உடம்புக்குச் சற்றே பெரிதாக, இறுக்கமாக இருக்க வேண்டும். 2 இன்ச் குழாயை என் ஆண் சீண்டவே இல்லை, ஒன்றரை இன்ச் வைத்ததும் குடியேறிவிட்டது. வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரியில் நின்றபோது எதுவும் நடக்கவில்லை. மழை பிடித்து 26க்கு இறங்கியதும், சற்றுக் குளிர்ந்த தண்ணீர் மாற்றினேன், நாட்டு வாதாம் சருகு போட்டேன், பெண் குகைக்குள் போனது.

இந்தச் சூட்டில் ஐந்தாறு நாளில் பொரியும். மஞ்சள்கரு பையோடு இன்னும் சில நாள் அப்பா காவலில் இருக்கும். அதற்குள் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இன்னொன்று தயார் செய்ய வேண்டும், பழைய தொட்டியில் ஊறவைத்தாயிற்று. அல்பினோ பெண் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். அல்பினோ ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும்; இந்த ஆணோடு சேர்த்தால் முதல் தலைமுறையில் அநேகமாக எல்லாமே பழுப்பாகத்தான் வரும், அடுத்த தலைமுறையில்தான் வேடிக்கை. கடைக்காரர் அது பெண்தான் என்று சத்தியம் செய்கிறார். டப்பாவையும் டார்ச்சையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போகப்போகிறேன்.