ஃபைனல் ஃபேன்டஸி 14: எடுபிடி வேலையில் தொடங்கிய கதை கண்ணீர் வரவழைக்கும் கதையானது எப்படி

ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் கேமைத் தொடங்கும் பலர் லெவல் 50-ஐத் தொடும் முன்பே கழன்றுகொள்கிறார்கள். கதை இழுவை, எழுத்தில் உயிரில்லை என்பார்கள். அதே கேமை எண்ட்வாக்கர் என்ற நான்காவது எக்ஸ்பான்ஷன் (கதையைத் தொடரும் கூடுதல் தொகுப்பு) வரை ஆடி முடித்தவர்களோ, இதைப் போல ஒரு கதையை வேறெந்த ஆன்லைன் கேமிலும் பார்த்ததில்லை என்பார்கள். இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். இடையில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். எண்ட்வாக்கர் முடிவு வரை கதை உடைபடும். இன்னும் ஆடாதவர்கள், ஆடும் எண்ணம் இருந்தால், கடைசி மூன்று பத்திகளை மட்டும் படியுங்கள்.

முதல் பதிப்பு வந்தது 2010 செப்டம்பர் 30-ல். படுதோல்வி. அந்த ஆண்டு டிசம்பரில் நாவோகி யோஷிதா பொறுப்பேற்றார். பழைய கேமை ஓடவிட்டுக்கொண்டே புதிய கேமை அடியிலிருந்து கட்டினார்கள். 2012 நவம்பரில் பழைய சர்வர்களை மூடியபோது, அதையும் கதைக்குள் கொண்டுவந்தார்கள். டாலமுட் என்ற சிறு நிலவு வானிலிருந்து விழுகிறது, அதை உடைத்துக்கொண்டு பஹமுட் என்ற ராட்சத டிராகன் வெளிவருகிறது, உலகம் எரிகிறது. 2013 ஆகஸ்ட் 27-ல் எ ரெல்ம் ரீபார்ன் என்ற பெயரில் புதிய கேம் வந்தபோது கதைக்குள் ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன. பழைய வீரர்களை மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் முகம் மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை. பழைய கேமிலிருந்து கேரக்டரைக் கொண்டுவந்தவர்களுக்குத் தொடக்கக் காட்சியே வேறு. நடந்த தோல்வியை மறைக்காமல் அதையே வரலாறாக ஆக்கிக்கொண்ட இந்தப் பழக்கம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர்.

ஆனால் எ ரெல்ம் ரீபார்னின் எழுத்து அந்த உயரத்தில் இல்லை. காரணம் கட்டமைப்பு. லெவல் 1 முதல் 50 வரை ஆளை ஏற்றிவிட வேண்டியதும், ஊர்களைச் சுற்றிக்காட்ட வேண்டியதும், டஞ்சன் (சிலர் குழுவாகச் சேர்ந்து கடக்கும் சண்டைக்களம்) ஆடக் கற்றுத்தர வேண்டியதும் அதே மெயின் கதைதான். அதனால் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே எடுபிடி வேலைகள் குவிந்தன. டைட்டன் என்ற அசுரனை எதிர்க்கப் போகும் முன், முன்பு அவனை வீழ்த்திய வீரர்கள் சிலரின் வாயிலிருந்து விஷயத்தை வாங்க ஒரு விருந்துக்காக ஊர் ஊராகப் பொருள் சேர்க்க வேண்டும். ஊரே அழியப்போகும் நேரத்தில் ஒயினும் பாலாடைக்கட்டியும் தேடுவது! அதைவிடப் பேர்போனது வெஸ்பர் பே. கதை முழுக்க நம்மோடு நிற்கும் கூட்டாளிகளின் தலைமையகம் அங்கேதான், ஆனால் அந்த ஊரில் டெலிபோர்ட் செய்ய ஏதரைட் கிடையாது. ஒவ்வொரு முறையும் ஹொரைசனில் இறங்கி ஓட வேண்டும். 2.1 பேட்சில் (எக்ஸ்பான்ஷன்களுக்கு நடுவே வரும் அப்டேட்; எ ரெல்ம் ரீபார்ன் 2.x, அடுத்தது 3.x என எண் போகும்) தலைமையகத்தை மோர் தோனாவுக்கு மாற்றிய பிறகுதான் விடிவு. வில்லன்களும் அப்படித்தான். கறுப்பு அங்கி, முகமூடி, ஒரு சிரிப்பு, பிறகு மறைவது. அந்த மர்மக் கூட்டத்துக்குப் பெயர் ஆசியன்கள் (Ascian). அவர்களில் லஹப்ரேயா என்பவனுக்கு என்ன வேண்டும் என்று 2013-ல் கேட்டிருந்தால் ‘குழப்பம் வேண்டும்’ என்பதற்கு மேல் பதில் கிடைத்திருக்காது.

2.1 முதல் 2.55 வரையிலான பேட்ச்களில் சுமார் நூறு க்வெஸ்ட்கள், அதாவது கதையை நகர்த்தும் பணிகள். அவற்றில் பெரும்பகுதி கூட்டம் போட்டுப் பேசுவது. ஆனால் அந்தக் கூட்டங்களில்தான் அல்ஃபினோ என்ற தலைக்கனம் பிடித்த பையன் தனக்கென்று ஒரு படை திரட்டுகிறான். அரண்மனையில் விருந்து நடக்கும் இரவில் அந்தப் படையே விலைபோகிறது. நாட்டை ஆளும் சுல்தானா விஷத்தில் சாய்கிறாள், அவள் தளபதி ராபான் கையை இழக்கிறான், கூட்டாளிகள் சிதறுகிறார்கள். அந்த நூறு க்வெஸ்ட்களின் சலிப்பு இல்லாமல் அந்த இரவின் அடி இவ்வளவு ஆழமாக விழுந்திருக்காது. இதைச் சொல்வதால் சலிப்பை நியாயப்படுத்தவில்லை. பாதியாகக் குறைத்திருந்தாலும் அடி விழுந்திருக்கும்.

2015 ஜூனில் வந்த முதல் எக்ஸ்பான்ஷன் ஹெவன்ஸ்வார்ட்டில்தான் எழுத்து நிமிர்ந்தது. முதல் காரணம், ஆள் குறைந்தது. கூட்டாளிகள் சிதறிவிட்டதால் மேடையில் கூட்டம் இல்லை. ஆட்டக்காரர், அல்ஃபினோ, டிராகன்களைக் கொல்லவே வாழும் எஸ்டினியன், டிராகன்களுக்காகப் பேசும் இசேல் என நால்வர் சேர்ந்து நடக்கிறார்கள். நெருப்பு மூட்டி உட்கார்ந்து பேசுகிறார்கள். எதிரெதிர் நம்பிக்கை உள்ள இரண்டு பேரை ஒரே பாதையில் நெடுந்தூரம் நடக்கவிட்டால் வசனம் தானாக வரும். இரண்டாவது, எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றியது: டிராகன்களுக்கும் இஷ்கார்ட் நாட்டுக்கும் நடக்கும் ஆயிரம் ஆண்டுப் போர் எப்படித் தொடங்கியது? இஷ்கார்ட் தன் மக்களுக்குச் சொல்லிவந்த வரலாறே பொய் என்பதுதான் விடை. மூன்றாவது, ஓர்ஷஃபாங். 2013-ல் குளிர்ப் பிரதேசத்தில் ஒரு முகாமின் தலைவனாக, உற்சாகம் சற்று அதிகமான துணைப் பாத்திரமாக வந்தவன். நாடு துரத்தியபோது அடைக்கலம் கொடுத்தவன். லெவல் 57-ல் வால்ட் டஞ்சன் முடிந்ததும் நமக்கு வந்த ஈட்டியைத் தன் கேடயத்தில் வாங்கி விழுகிறான். நாள்கணக்கில் பழகிய ஒருவனைச் சாகடிப்பதும், அறிமுகப்படுத்திய மறுமணி நேரத்தில் சாகடிப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தக் குழு அங்கேதான் முழுசாகக் கற்றுக்கொண்டது.

கதை எங்கே வைக்கப்படுகிறது என்பதும் மாறியது. 2.x காலத்தில் பஹமுட்டுக்கும் அதைத் தடுக்க நின்ற லூயிசுவாவுக்கும் உண்மையில் என்ன நடந்தது என்ற கதையை ‘காயில் ஆஃப் பஹமுட்’ என்ற எட்டுப் பேர் ரெய்டுக்குள் (பெரிய குழுவாக ஆடும் சண்டைத் தொடர்) பூட்டிவைத்திருந்தார்கள். அது அந்தக் காலத்தின் கடினமான ரெய்டு. திறமையான குழு கிடைக்காதவர்களுக்கு, பழைய கேமின் முடிவுக்கான விடையே கிடைக்கவில்லை. ஹெவன்ஸ்வார்ட்டின் அலெக்சாண்டரிலிருந்து நார்மல், சாவேஜ் எனப் பிரித்தார்கள். கதை நார்மலில், சவால் சாவேஜில். சின்ன மாற்றமாகத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு எந்த ரெய்டின் கதையையும் எல்லோரும் பார்த்திருப்பார்கள் என்று நம்பி எழுத முடிந்தது.

அதே ஹெவன்ஸ்வார்ட்டில் டார்க் நைட் என்ற ஜாப்பின் (நாம் ஆடும் வீரர் வகை) க்வெஸ்ட்களை எழுதியவர் நட்சுகோ இஷிகவா. ‘ஏன் ஊரார் வேலையெல்லாம் நீயே செய்கிறாய்? உனக்கு அலுக்கவில்லையா?’ என்று ஆட்டக்காரரின் உள்ளிருந்தே ஒரு குரல் கேட்கும் கதை அது. அந்தக் கேள்வியைக் கேட்கும் ஃப்ரே யார் என்று தெரியவரும் இடத்தில், முந்தைய ஐம்பது லெவல்களின் எடுபிடி வேலைகள் மொத்தமும் புது அர்த்தம் பெறுகின்றன. கேமின் பெரிய குறையையே பாத்திரத்தின் மனக்காயமாக மாற்றியது சாதாரணக் காரியமல்ல. ஓரத்தில் இருந்த ஒரு ஜாப் கதையை எழுதியவரிடம் பிறகு முழு எக்ஸ்பான்ஷனையே ஒப்படைத்தார்களே, அதுதான் இந்தக் கேமின் தரம் ஏறியதற்கு நான் சொல்லக்கூடிய ஆகப்பெரிய காரணம்.

நடுவே 2017-ல் ஸ்டார்ம்ப்ளட் தடுமாறியது. ஆலா மிகோ, டோமா என இரண்டு நாடுகளின் விடுதலையை ஒரே எக்ஸ்பான்ஷனில் சொல்ல முயன்றார்கள். ஒரு நாட்டில் தொடங்கி, கடல் தாண்டி இன்னொன்றுக்குப் போய், மறுபடி முதல் நாட்டுக்குத் திரும்பும்போது அங்கே வைத்திருந்த சூடு ஆறிவிடுகிறது. மேய்ச்சல் நிலக் குலங்களைப் பற்றிய அசிம் ஸ்டெப் பகுதி மட்டும் தனியாக ஒளிர்கிறது.

ஷேடோபிரிங்கர்ஸ் (2019 ஜூலை) செய்தது இதுதான்: பாதியில் விட்ட நூல்களையெல்லாம் எடுத்து நெய்தது. 3.4 வரையிலான பேட்ச்களில் ஆர்ட்பர்ட் என்ற கோடரி வீரன் தன் கூட்டத்தோடு வில்லனாக வந்து போனான். தங்கள் உலகைக் காப்பாற்றப்போய் அதையே வெளிச்ச வெள்ளத்தில் அழியவைத்தவர்கள் என்பதோடு அந்தக் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தோம். 5.0-ல் நாம் போவது அவன் உலகுக்கு. அங்கே நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. நம் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஆவியாக அவன் நம் அறைக்குள் நிற்கிறான். 2.x காலத்தின் கிரிஸ்டல் டவர் ரெய்டில் கோபுரத்தோடு தன்னையும் பூட்டிக்கொண்டு தூங்கப்போன கிராஹா தியா வேறொரு பெயரில் காத்திருக்கிறான். முகமூடி ஆசியன்களுக்கு ஒரு நகரமும் ஒரு துக்கமும் கிடைக்கின்றன. எமெட்-செல்க் சிரித்துவிட்டு மறைவதில்லை. கூடவே நடந்து வருகிறான், டஞ்சன் சுவரோவியத்தின் முன் நின்று தன் தரப்பைச் சொல்கிறான். கடலடியில் அந்த நகரமான அமரோட்டைப் பார்க்கும்போது 2013-ன் அந்தக் கறுப்பு அங்கிகளை நாம் மறுபடி நினைக்கிறோம். அன்று எழுத்தாளர்களிடம் இந்த விடை முழுதாக இருந்ததா என்பது முக்கியமில்லை. வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டுவைத்திருந்ததால் பின்னால் நிரப்ப இடம் இருந்தது.

கட்டமைப்பிலும் சிக்கனம் வந்தது. ஒவ்வொரு ஜாப்புக்கும் தனித்தனிக் கதை எழுதி எழுத்தாளர்களின் உழைப்பைச் சிதறடிப்பதை நிறுத்தி, டேங்க் (முன்னால் நின்று அடி தாங்குபவர்), ஹீலர் (குணப்படுத்துபவர்) என ரோலுக்கு ஒன்றாகச் சுருக்கினார்கள். டிரஸ்ட் முறை வந்ததால் கதை டஞ்சன்களுக்குள் மற்ற ஆட்டக்காரர்களுக்குப் பதில் கதையின் பாத்திரங்களையே கூட்டிச்செல்லலாம், அவர்கள் உள்ளே பேசவும் செய்வார்கள்.

எண்ட்வாக்கரில் (2021 டிசம்பர்) எனக்கு மிகப் பிடித்த கணம் பெரிய சண்டை எதுவுமல்ல. 2.x பேட்ச்களில் அறிமுகமாகிச் சீக்கிரமே உயிர்விட்ட மோன்பிரிடாவை ஞாபகம் இருக்கிறதா? அன்று அது அவசரக் கொலையாகத்தான் பட்டது. பல ஆண்டுகள் கழித்து ஷார்லயன் நகரில் அவள் பெற்றோர் முன் நம் கூட்டாளி உரியாஞ்சே வாயடைத்து நிற்கிறான். அவர்கள் அவனைத் தங்கள் பிள்ளையைப் போல அணைத்துக்கொள்ளும்போது, பழைய அவசரம் மன்னிக்கப்பட்டுவிடுகிறது. இதைவிடத் துணிச்சலானது ஜோடியார்க்கை லெவல் 83-லேயே முடித்துவிட்டது. கடைசி வில்லன் என்று ஆண்டுக்கணக்கில் எதிர்பார்த்தவனை நடுவழியில் வீழ்த்திவிட்டு, ‘அப்படியானால் இனி என்ன?’ என்ற கேள்வியோடு பண்டைய காலத்தின் எல்பிஸுக்குக் கூட்டிப்போகிறார்கள். நோபுவோ உமட்சு அமைத்த ‘ஆன்சர்ஸ்’ பாடல், பழைய கேம் எரிந்து முடிந்த காட்சிக்கு ஒலித்தது. எல்பிஸ் முடிந்து, அங்கே நாம் சந்தித்த வேனட் என்ற பெண் தனியாக நடந்துபோகும் காட்சியில் அது திரும்ப வரும்போது, அந்த வரிகள் யார் யாரைப் பார்த்துக் கேட்டவை என்பது விளங்குகிறது.

பின்னோக்கிச் சென்று பழையதைச் செப்பனிட்டதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கேம்கள் இதைச் செய்வதில்லை. 2020 ஆகஸ்டின் 5.3 பேட்சில் எ ரெல்ம் ரீபார்னின் க்வெஸ்ட்களைக் கத்தரித்தார்கள், அந்தப் பழைய நிலங்களில் பறக்கவும் வழிசெய்தார்கள். கிரிஸ்டல் டவரைக் கட்டாயமாக்கினார்கள். அது இல்லாமல் ஷேடோபிரிங்கர்ஸ் பாதிதான் புரியும். 2022-ன் 6.1-ல், எட்டுப் பேர் சேர்ந்து கட்சீன் (கதைக் காட்சி) முடியக் காத்திருந்த பிரிட்டோரியம் என்ற களத்தை நால்வர் டஞ்சனாக மாற்றி, இறுதிச் சண்டையைத் தனியாகப் பிரித்தார்கள். எட்டுப் பேர் ஆடிய கேப் வெஸ்ட்விண்ட் சண்டை ஒற்றை ஆள் சண்டையானது.

பிறகு 2024 ஜூலையில் டான்ட்ரெயில். ஏற்றம் நேர்க்கோடு அல்ல என்பதற்கு இதுவே சான்று. எண்ட்வாக்கர் பழைய நூல்களை ஏறக்குறைய எல்லாம் முடித்துவிட்டது. எனவே இந்தக் கதை நடக்கும் டுராலில் எல்லாம் புதிது. முதல் பாதி முழுக்க அரசுரிமைப் போட்டி. ஒவ்வொரு ஊரிலும் வழக்கத்தை விளக்கி, பாடம் சொல்லி, அடுத்த ஊருக்குப் போவது. போட்டியாளர்களில் ஒருத்தியான வுக் லமட் எல்லாக் காட்சியிலும் முன்னால் நிற்க, பழைய கூட்டாளிகள் தலையாட்டிக்கொண்டு பின்னால் நிற்கிறார்கள். பாத்திரம் மோசமில்லை. ஓர்ஷஃபாங்குக்குக் கிடைத்த இரண்டு ஆண்டுகளை அவளுக்குச் சில மணி நேரத்தில் கொடுக்கப் பார்த்ததுதான் பிழை. கடைசிப் பகுதியான லிவிங் மெமரி வந்த பிறகுதான் இந்தக் குழுவின் பழைய கை தெரிகிறது.

ஆடப்போகிறவர்களுக்கு: ஃப்ரீ ட்ரயலில் லெவல் 70 வரை, அதாவது ஸ்டார்ம்ப்ளட் முடிய, காலவரம்பின்றி ஆடலாம். மார்க்கெட் போர்டு கிடையாது, கில் (கேமின் பணம்) 3,00,000-க்கு மேல் சேராது, பார்ட்டியை நீங்களாகத் தொடங்க முடியாது. கதைக்கு இவை எதுவும் தடையல்ல. ஒருமுறை காசு கட்டி மாறிவிட்டால் அந்தக் கணக்கு ட்ரயலுக்குத் திரும்பாது, அதனால் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். கடைசியாக வந்த எக்ஸ்பான்ஷனை வாங்கினால் முந்தைய எக்ஸ்பான்ஷன்களும் சேர்ந்தே வரும், தனித்தனியாக வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

ஒரே ஜாப்பைப் பிடித்து ஓடினால் மெயின் கதை தரும் அனுபவப் புள்ளிகளே பெரும்பாலும் போதும். மஞ்சள் குறியிட்ட சைட் க்வெஸ்ட் எல்லாவற்றையும் செய்யப்போனால் லெவல் 30-க்குள் அலுத்துவிடும். எ ரெல்ம் ரீபார்னுக்குப் பின் வரும் 2.x பேட்ச் பகுதியை ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். அங்கேதான் பெரும்பாலோர் நின்றுபோகிறார்கள். நாளுக்குச் சில க்வெஸ்ட், நடுநடுவே கிரிஸ்டல் டவர் ரெய்டு என்று கலந்து போனால் தாங்கும். கட்சீனைத் தவறவிட்டால் சத்திர அறையில் இருக்கும் ‘அன்எண்டிங் ஜர்னி’ புத்தகத்தில் மறுபடி பார்க்கலாம்.

இஷ்கார்டுக்குள் நுழைந்ததும், ஏதாவது ஒரு ஜாப் லெவல் 50-ல் இருந்தால், டார்க் நைட்டைத் திறந்துவிடுங்கள். லெவல் 30-ல் தொடங்கும் ஜாப் அது, மெயினாக ஆடாவிட்டாலும் 50 வரையிலான க்வெஸ்ட்களையாவது ஷேடோபிரிங்கர்ஸுக்கு முன் முடியுங்கள். காயில் ஆஃப் பஹமுட் ரெய்டை இப்போது லெவல் சிங்கை (நம் லெவலைக் களத்துக்கேற்பக் குறைக்கும் முறை) அணைத்துவிட்டு, உயர் லெவல் நண்பர் ஒருவரோடு போனாலே முடித்துவிடலாம். ஸ்டார்ம்ப்ளட்டின் ஒமேகா ரெய்டை, எண்ட்வாக்கரின் கடைசிப் பகுதியான அல்டிமா துலேவுக்குப் போகும் முன் முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே நிற்கும் ஒமிக்ரான்கள் யார் என்றே புரியாமல் கடந்துபோவீர்கள்.