ஈரத் துண்டுக்குத் திறந்த கதவு

கப்பலூர் தொழிற்பேட்டையில் பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டுகிற சின்னக் கம்பெனி அது. ஒரு பங்குனி மாதம் அதன் முதலாளி, பூட்டு மாட்டுகிற எனக்குப் போன் செய்தார். "மூணு கதவு இருக்கு. மூணுக்கும் ஒரே மாதிரி போட்டுருங்க. சென்சார் பூட்டுக்குள்ளேயே வருதாமே, அதுதான் வேணும்."

செம்புக் கம்பிச் சுருள் இரண்டு காணாமல் போயிருந்தது. அந்தக் கோபத்தில் பின்வாசல் இரும்புக் கதவுக்கு வெளிப்பக்கமாக ஒரு திண்டுக்கல் பூட்டைப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் போன நேரத்தில் உள்ளே பதினைந்து பெண்கள் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சாவி முன்பக்கம் முதலாளியின் மேஜை டிராயரில் இருந்தது. ஒன்று ஆகிவிட்டால் அவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆர்டர் கைக்கு வந்த சந்தோஷம். எப்படியும் நம் பூட்டு வரத்தானே போகிறது என்று விட்டுவிட்டேன்.

நான் மாட்டியது 600 பவுண்டு மேக்னடிக் லாக். நம் கணக்கில் சுமார் 270 கிலோ இழுவிசை. காந்தம் கதவு நிலையில் இருக்கும், அது பிடிக்கிற இரும்புத் தகடு கதவில் இருக்கும். 12 வோல்ட் மின்சாரம் ஓடுகிறவரை கதவு அசையாது. வெளியிலிருந்து வர கார்டு வேண்டும். உள்ளிருந்து போக எதுவும் வேண்டாம். காந்தப் பெட்டியின் அடியிலேயே ஒரு சின்ன வெள்ளைக் கண் இருக்கிறது, ஆள் கிட்டே வந்ததும் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். தனியாக சென்சார் வாங்கி, சுவரைக் கொத்தி, ஒயர் இழுக்கிற வேலை மிச்சம். மூன்று கதவையும் இரண்டு நாளில் முடித்துவிட்டேன். பின்கதவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய, அழுத்தினால் பூட்டை விடுவிக்கிற பச்சை பட்டனை முதலாளி வேண்டாமென்றார். "சென்சார்தான் இருக்குல்ல?" நானும் சரி என்றேன்.

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள் போன் வந்தது. கதவு திறக்கவில்லையாம்.

போய்ப் பார்த்தேன். பூட்டில் ஒரு கோளாறும் இல்லை. மத்தியானம் இரண்டு மணி, தகரக் கூரை ஷெட், உள்ளே கால் வைத்தாலே அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. பின்கதவுக்கு முன்னால் நான்கு பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று, தேர் பார்க்கிற மாதிரி அண்ணாந்து, கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கண் சிமிட்டவே இல்லை. அதே நேரம் பக்கத்தில் வார்னிஷ் காயவைக்கிற ஓவனிலிருந்து வந்த, காயில் கட்டிய சூடான ஸ்டேட்டர்களை அடுக்கிய தள்ளுவண்டியை ஒரு பையன் உருட்டிக்கொண்டு போனான். டக். கதவு விட்டது. வண்டிக்குத் திறக்கிறது, மனுஷருக்குத் திறக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்தது பிஐஆர் சென்சார். அது ஆளைப் பார்ப்பதில்லை. தன் முன்னால் இருக்கும் சுவர், தரை எல்லாவற்றின் வெப்பத்திலிருந்தும் வேறுபட்ட ஒன்று நகர்கிறதா என்றுதான் பார்க்கிறது. நம் தோலின் வெப்பம் சாதாரணமாக 33, 34 டிகிரி. மே மாத மத்தியானம் அந்த ஷெட்டின் சுவரும் தரையும் கிட்டத்தட்ட அதே சூட்டுக்கு வந்துவிடுகின்றன. சென்சாரின் கணக்கில் நாம் சுவரோடு சுவர். போதாக்குறைக்கு, குறுக்கே நடப்பவரை அது சீக்கிரம் கண்டுகொள்ளும், நேராகத் தன்னை நோக்கி வருபவரைப் பிடிக்க அதற்குக் கஷ்டம். கதவை நோக்கி யாராவது குறுக்கே நடப்பார்களா?

இதையெல்லாம் நான் விளக்கத் தொடங்கும்போதே பின்னாலிருந்து ஒரு அக்கா, "தள்ளுங்க தம்பி" என்றார். குடத்தில் நனைத்துப் பிழிந்த துண்டை எடுத்துக் கண்ணுக்கு நேராக ஒரு விசிறு விசிறினார். டக். "பத்து நாளா இப்படித்தான் போறோம். கூலிங்கு பட்டாத் தொறக்கும்." கதவோரம் ஆணியில் அந்தத் துண்டுக்கென்றே ஓர் இடம் இருந்தது. ஈரத்துணி சுவரைவிடக் குளிர்ந்தது, ஆகவே சென்சாருக்கு நன்றாகத் தெரியும். பிஐஆர் என்ற சொல்லையே கேட்டிராத அந்த அக்கா, நான் மறந்துபோனதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

இதைக் கேட்டு முதலாளி சிரித்தார். வாட்ச்மேன் ஐயா சிரிக்கவில்லை. சாயங்காலம் நான் கிளம்பும்போது, "தம்பி, இங்கிட்டு வாங்க" என்று பின்பக்கம் கூட்டிப் போனார். வெளியே ஒரு நீளக் குச்சி. நுனியில் நனைத்த சாக்குத் துண்டு கட்டியிருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இரண்டு விரல்கடை இடைவெளியில் அதைப் பைய உள்ளே விட்டு அப்படியும் இப்படியும் ஆட்டினார். டக். இரும்புக் கதவு தானாகத் திறந்துகொண்டது. கார்டும் வேண்டாம், சாவியும் வேண்டாம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகை. ஆனால் திருமங்கலம் ரோட்டில் வண்டியை ஓரமாக நிறுத்தி டீ குடித்தபோது டீ ஆறிப்போனது நிஜம். உள்ளே இருப்பவரை விட மறுக்கிறது, வெளியே இருப்பவரை உள்ளே விடுகிறது. காசு வாங்கிக்கொண்டு அப்படி ஒரு பூட்டை மாட்டியிருக்கிறேன்.

பிரச்சினை பொருளில் இல்லை. அதை எந்தக் கதவில் மாட்டுகிறோம் என்பதில் இருந்தது. திருடனை நினைத்துப் பூட்டு வாங்க வருகிறார்கள், நாமும் திருடனை நினைத்தே விற்கிறோம். பின்வாசல் மாதிரியான கதவின் முதல் வேலை ஆளை வெளியே விடுவது. வெளியேறும் வாசல்கள் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும் என்று 2016-ஆம் வருடத்துத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. சென்சாரால் விடுபடும் காந்தப் பூட்டுக்குக் கதவிலிருந்து ஐந்தடிக்குள் ஒரு பட்டன் இருக்க வேண்டும், அதை அழுத்தினால் குறைந்தது 30 வினாடி மின்சாரம் நேரடியாக அறுபட வேண்டும் என்று அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி சொல்கிறது. 'நேரடியாக' என்பதுதான் முக்கியம். சென்சாரும் பூட்டை இயக்குகிற கன்ட்ரோலரும் படுத்துவிட்டாலும் பட்டன் வேலை செய்யும். நான் 'சரி' என்று விட்ட பட்டன் அது.

மறுநாள் போய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றேன். முதலாளிக்கு முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. கூலி எனக்கு வேண்டாம், பொருளுக்கு மட்டும் கொடுங்கள் என்றதும் உட்காரச் சொன்னார்.

பின்வாசலுக்குப் பேனிக் பார். கதவின் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு தண்டு, எங்கே தள்ளினாலும் திறக்கும். அதற்குள்ளேயும் உணர்கிற வேலை உண்டு, ஆனால் வெப்பத்தை அல்ல. தண்டு அமுங்கினால் உள்ளே ஒரு சின்ன ஸ்விட்ச் தட்டும், உள்ளிருந்து ஆள் போகிறார் என்று அலாரம் பேனலுக்குத் தெரியும். தண்டு அமுங்காமல் கதவு திறந்தால் சைரன். வெயிலும் ஈரச் சாக்கும் அதை ஒன்றும் செய்ய முடியாது.

"அப்ப உள்ளேயிருந்து எவன் வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாமே?"

"செம்பு ஸ்டோர் ரூம்லதானே சார் இருக்கு. அந்தக் கதவைப் பூட்டுவோம்."

ஸ்டோருக்குக் கரண்ட் போனாலும் பூட்டியே நிற்கிற ரகம் போட்டேன், உள்பக்கக் கைப்பிடியைத் திருப்பினால் எப்போதும் திறக்கும். காந்தப் பூட்டு அங்கே ஆகாது. அரை ஆம்பியர் இழுக்கிற பூட்டுக்கு 7 ஆம்பியர்-மணி (ஏஎச்) பேட்டரி கணக்குப்படி 14 மணி நேரம் வரும், பழைய பேட்டரியென்றால் அதில் பாதியைக்கூட நான் நம்ப மாட்டேன். பேட்டரி தீர்ந்தால் காந்தம் விட்டுவிடும், செம்பு திறந்து கிடக்கும்.

சென்சார் பூட்டு ஆபீஸ் கண்ணாடிக் கதவில் மட்டும் தங்கியது. ஏசி அறை, குளிர்ந்த சுவர், அடியில் இடைவெளி இல்லை, பக்கத்தில் பச்சை பட்டன். அங்கே அது தங்கமாக வேலை செய்கிறது.

ஆடியில் சர்வீஸுக்குப் போனேன். துண்டு அக்கா இரண்டு கையிலும் காயில் தட்டுகளோடு வந்தார். திரும்பி நின்று இடுப்பால் தண்டை ஒரு இடி இடித்தார், கதவு திறந்தது, போய்விட்டார். நிலையில் ஆணி அப்படியே இருந்தது. இப்போது அதில் யாருடைய சாப்பாட்டுப் பையோ தொங்கியது.