தந்தை தொழில்: விவசாயம்

தமிழ் ஐயா மறைந்த செய்தி சிங்கப்பூரில் எனக்கு எட்டியபோது ஊரில் எல்லாம் முடிந்திருந்தது. தொண்ணூறைத் தாண்டிய உடம்பு. பள்ளி மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டதும் இறைவணக்கம், புளியமரத்தடி, இரண்டாம் மணி என்று எழுத உட்கார்ந்தேன். எங்கே சுற்றினாலும் பேனா 1979 ஜூன் மாதத்து ஒரு காலையில்தான் வந்து நின்றது.

ஒன்பதாம் வகுப்பு. விவரப் படிவத்தில் 'தந்தை தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதியிருந்தேன். அப்பா இரண்டு ஏக்கர் மானாவாரியில் மணிலா, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். முந்தைய வாரம் எனக்குச் சோற்றுத் தூக்கு கொடுக்க உழவிலிருந்து நேரே பள்ளிக்கு வந்துவிட்டார். கணுக்காலில் செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. தாழ்வாரத்தில் நின்ற பையன்கள் அந்தக் காலைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஐயாவுக்கு எங்கள் ஊர்தான்; அப்பாவை நன்றாகத் தெரியும். படிவத்தை வாசித்தவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எழுந்து நில். ஓமந்தூரார் யார்?"

திண்டிவனத்துப் பக்கத்துப் பிள்ளைக்கு அது தெரியாதா? "சென்னை மாகாணப் பிரதமர், ஐயா." முதலமைச்சருக்கு அன்று அதுதான் பெயர்.

"வேறு?"

"அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்."

"தொழில்?"

நான் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். "விவசாயம், ஐயா" என்றபோது குரல் கம்மிவிட்டது. படிவத்தை என் முன்னால் வைத்து, "அடித்துவிட்டு எழுது" என்றார். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன்.

அன்று செய்யுள் பாடம் நடக்கவில்லை. பாடவேளை முழுவதும் ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியாரைப் பற்றியே பேசினார். 1895இல் ஓமந்தூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர், 1947 மார்ச்சில் முந்தைய பிரதமர் பிரகாசத்துக்குப் பின் பதவியேற்றார். நாடு விடுதலை பெற்ற நாளில் மாகாணத்தை ஆண்டவர் அவர்தான். ஒடுக்கப்பட்டவர்கள் கோயிலுக்குள் நுழையவும், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழியவும் அந்த ஆண்டிலேயே சட்டங்கள் வந்தன. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். அதைச் சொல்லும்போது ஐயா கரும்பலகையில் மூன்று பெயர்களை எழுதினார்: அரசு, ஜமீன்தார், உழவன். நடுவில் இருந்ததை உள்ளங்கையால் துடைத்தார். "இனி இவன் நேரே அரசுக்கு வரி கட்டுவான். ரயத்துவாரி என்றால் இதுதான்." அவர் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஏர் பிடித்த குடும்பத்தில் பிறந்தவர் ஆட்சியில் அந்தச் சட்டம் வந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

1949இல் பாரதியின் எழுத்துகளை நாட்டுடைமையாக்கியதும் அந்த ஆட்சிதான். அந்த ஏப்ரலில் பதவியை விட்டவர் வடலூர் சென்று வள்ளலார் வழியில் தொண்டு செய்தார். 1970இல் மறைந்தார். சென்னையில் அரசினர் தோட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த ஆண்டு முழுவதும் ஐயாவை வெறுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன். பிறகு பாலிடெக்னிக், வேலை, 1988இல் விமானம். அப்பா இருந்தவரை மணிலா நின்ற நிலம் அவருக்குப் பின் குத்தகைக்குப் போனது.

2009இல் ஊருக்குப் போனபோது ஐயாவைப் பார்க்கச் சென்றேன். கண் மங்கியிருந்தது, குரலை வைத்தே கண்டுகொண்டார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். அப்பாவின் பெயரைச் சொல்லி நல்ல மனிதர் என்றார். அந்தப் படிவத்துக்கு அன்றாவது நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அதற்குள் கேட்டார்:

"நிலத்தை யார் பார்க்கிறார்கள், தம்பி?"

"குத்தகைக்கு விட்டிருக்கிறேன், ஐயா."

"சரி" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எனக்குக் காபி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.