அருகில் இருந்தவர்

கருத்துக்கணிப்புக் களப்பணியில் நாட்டின் முதன்மையான பிரச்சினை எது என்று கேட்டால், அந்த வாரம் செய்திகளில் அதிகம் அடிபட்டதே பெரும்பாலும் பதிலாக வரும். 1968ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் நகரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 பேரிடம் பேசிய ஊடக ஆய்வாளர்கள் மெக்கோம்ப்ஸும் ஷாவும் கண்டது ஏறத்தாழ இதுதான். எதைப் பற்றிப் பேசுவது என்பதை ஊடகம் தீர்மானிக்கிறது என்பதில் எனக்கும் ஐயமில்லை.

ஆனால், யாருக்கு வாக்களிப்பீர்கள் என்ற கேள்வி வந்ததும் பதிலளிப்பவரின் பார்வையே மாறிவிடுகிறது. அதுவரை மளமளவென்று பதில் சொல்லிவந்த ஒரு பெண்மணி, அந்தக் கேள்விக்கு மட்டும் உள்ளறைப் பக்கம் திரும்பினார். "வழக்கமாகப் போடுவதுதான், எழுதிக்கொள்ளுங்கள்" என்று அங்கிருந்து அண்ணனின் குரல் வந்தது. அவரும் தலையசைத்தார். அது சம்மதமா, பேச்சை முடித்துக்கொள்ளும் வழியா என்று குறிக்க வினாத்தாளில் இடமில்லை.

1940ஆம் ஆண்டுத் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 600 பேரை மே முதல் நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்த சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டின் குழுவினர், வானொலியும் நாளிதழும் வாக்காளர்களின் மனத்தை மாற்றிய இடங்கள் குறைவு என்றும், செய்தியைக் கூர்ந்து கவனிக்கும் அறிமுகமானவர்களின் பேச்சுக்கே வலு அதிகம் என்றும் கண்டார்கள். அப்படிப்பட்டவர் பெரிய மனிதராக இருக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரராகவும் இருக்கலாம்.

சமூக ஊடகம் வந்தபின் இந்தக் கதை பழையதாகிவிட்டது என்பாரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 2010ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் நாளன்று ஃபேஸ்புக்கில் சுமார் 6.1 கோடிப் பேரிடம் நடத்தப்பட்ட சோதனையில், வாக்களிக்கச் சொன்ன வெறும் அறிவிப்பால் பயன் தெரியவில்லை. வாக்களித்த நண்பர்களின் படங்களோடு வந்த அறிவிப்பே வாக்குப்பதிவைச் சற்று உயர்த்தியது. குடும்பக் குழுவில் வரும் செய்தியிலும் அனுப்பியவர் யார் என்பதைத்தானே முதலில் பார்க்கிறோம்.

பேட்டியின்போது அருகில் யாரேனும் இருந்தார்களா என்று குறிக்க எங்கள் வினாத்தாளின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. 'ஆம்' என்று குறித்தவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம் என்று இளம் சகாக்கள் வாதிடுகிறார்கள். தனியறையில் கேட்டால் மட்டும் அண்ணன் அந்தப் பெண்மணியின் மனத்தைவிட்டு வெளியேறிவிடுவாரா என்ன? அவற்றை நீக்காமல் தனியே தொகுத்து, மற்றவற்றோடு ஒப்பிடும்படி சொல்லியிருக்கிறேன்.